குளிருக்கு முன்னாடி கையில ஒன்றரை லட்சம்: முதியோர் இல்லத்துல வைரஸ் பரவாம இருக்க எதுக்கு முதல்ல செலவு பண்றது?

எங்க இல்லம் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல இருக்கு, வெள்ளைக்காரன் காலத்து பங்களா, 26 பெரியவங்க இருக்காங்க, ஆயாம்மாங்க, சமையல், டிரைவர், வாட்ச்மேன் எல்லாம் சேத்து வேலை பாக்கறவங்க 14 பேர், நான் ஸ்டாஃப் நர்ஸ். போன ஜனவரி, படுகர் மக்களோட ஹெத்தையம்மன் பண்டிகை முடிஞ்ச வாரம் ஆரம்பிச்சது, 11 நாளுக்குள்ள 9 பேருக்கு இருமல் சளி, ரெண்டு பேர ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பினோம், அதுல ஒரு பாட்டி திரும்பி வரவே இல்ல. ஆறு கட்டில் இருக்கற பெரிய ரூம்ல ஜன்னலோரக் கட்டில் அவங்களுது. பனி உள்ள வருது சிஸ்டர், கால் மரத்துப் போகுதுன்னு சொன்னாங்கன்னு அந்த ஜன்னல் இடுக்குல பழைய துணிய சுருட்டி வெச்சு அடைச்சது நான்தான். அவங்க படுக்கைய எடுக்கும்போது அந்தத் துணி அப்படியேதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் காத்தப் பத்தி நிறைய படிக்க ஆரம்பிச்சேன்.

இந்த வருஷம் டிரஸ்ட்ல குளிர் காலத்துக்குன்னு தனியா 1,50,000 ரூபாய் ஒதுக்கியிருக்காங்க. அத என்ன பண்றதுன்னு மீட்டிங் போட்டா ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் புகை மெஷின் வாங்கி வாரம் ஒருக்கா மருந்து அடிக்கலாம்னாரு, ஒருத்தர் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெளி ஆள உள்ளயே விட வேண்டாம்னாரு, டாக்டர் தடுப்பூசின்னாரு, நான் ஏர் ப்யூரிஃபையர்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு மாசம் ஒவ்வொன்னா பாத்து கேட்டு கணக்கு போட்டதுக்கு அப்புறம் என் எண்ணமே கொஞ்சம் மாறிடுச்சு, அதத்தான் எழுதறேன். மலையில இல்லம் நடத்தறவங்க, வீட்லயே பெரியவங்கள வெச்சுப் பாக்கறவங்க யாருக்காவது உதவும்.

முதல்ல வைரஸ் எப்படி உள்ள வருதுன்னு பாக்கணும். பெரியவங்க யாரும் வெளிய போறதில்ல, அப்ப கொண்டு வர்றது ரெண்டே கூட்டம்தான், ஒன்னு பாக்க வர்றவங்க, இன்னொன்னு நாங்க. பாக்க வர்றவங்க பெரும்பாலும் மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு மணி நேரம் ஒரே ஒரு ஆள்கிட்ட உக்காந்து பேசிட்டுப் போயிடுவாங்க. நாங்க? தினமும் எட்டு மணி நேரம், குளிப்பாட்டி விடறது, சோறு ஊட்டறது, டயப்பர் மாத்தறது, முகத்துக்கு நேரா குனிஞ்சு தலை சீவி விடறது, அதுவும் ஒருத்தர்கிட்ட இருந்து அடுத்தவர்னு 26 பேர்கிட்டயும். காலைல எல்லாரும் ஹட்டில (படுகர் ஊர்) இருந்தும் எஸ்டேட் லைன் வீடுகள்ல இருந்தும் முதல் பஸ்ஸுல வருவோம், குளிருக்கு ஷட்டர் எல்லாத்தையும் இறக்கி விட்டுருப்பாங்க, முக்கால் மணி நேரம் அம்பது அறுபது பேர் ஒரே மூச்சக் காத்துல உக்காந்து வர்றோம்.

2020 பிப்ரவரில அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கிர்க்லாண்டுங்கற ஊர்ல முதியோர் பராமரிப்பு இல்லத்துல கோவிட் பரவினது ஞாபகம் இருக்கும். அந்தச் சுத்துவட்டார இல்லங்களுக்கு அது எப்படிப் பரவுச்சுன்னு விசாரிச்சவங்க எழுதினதுல ரெண்டு விஷயம் முக்கியமா இருந்துச்சு, உடம்பு சரியில்லாதப்பவும் வேலைக்கு வந்த பணியாளர்கள், ஒன்னுக்கு மேல இல்லத்துல வேலை பாத்த பணியாளர்கள். அதே மாவட்டத்துல இன்னொரு இல்லத்துல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தப்ப பாசிட்டிவ் வந்த பெரியவங்கள்ல பாதிக்கு மேல அன்னைக்கு எந்த அறிகுறியுமே இல்லாம இருந்திருக்காங்க. அதனால வாசல்ல நின்னு நெத்திக்கு நேரா துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர காட்டறதுல பெருசா ஒன்னும் பிடிபடாது.

எங்க இல்லத்துல நடந்ததும் இதேதான். எங்க ஆயாக்கா ஒருத்தங்களுக்கு ரெண்டு நாளா தொண்ட கட்டி இருந்திருக்கு, மிட்டாய் மாத்திரைய வாய்ல அடக்கிக்கிட்டு மஃப்ளர இழுத்து மூடிக்கிட்டு வந்துட்டாங்க. ஏன்க்கா சொல்லலன்னு அப்புறம் கேட்டேன். "லீவு போட்டா நாள் சம்பளம் போயிடும் சிஸ்டர், பண்டிகைக்கு ஏற்கனவே மூணு நாள் போச்சு, பையனுக்கு ஃபீஸ் கட்டணும்"னாங்க. அவங்கள எப்படி குத்தம் சொல்றது? நாள் சம்பளம் 450 ரூபாய். அந்த 450 ரூபாய்ல ரெண்டு நாள் மிச்சம் பிடிச்சதுக்கு ஆஸ்பத்திரி ஆக்சிஜன் மாத்திரைன்னு இல்லத்துக்கு ஆன செலவ கூட்டிப் பாத்தா மனசு ஆறல, போன உயிர விடுங்க.

அதனால என் கணக்குல முதல் செலவு மெஷினே இல்ல, சம்பளத்தோட நோய் விடுப்பு. சளி, இருமல், தொண்ட வலி, காய்ச்சல்னா காலைல போன் பண்ணிட்டு வீட்ல இருக்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம், சர்டிஃபிகேட்டும் கேக்க மாட்டோம். 50 நாளுக்கு 450 வீதம் ஒதுக்கினா 22,500 ரூபாய். ஏமாத்துவாங்கன்னு மீட்டிங்ல சொன்னாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போகட்டும், இருமிக்கிட்டே ஒருத்தங்க வந்து ஒரு பாட்டிக்கு கஞ்சி ஊட்டறத விட அது எவ்வளவோ சின்ன நஷ்டம்.

இதையும் பாக்க வர்றவங்களுக்கு கேட் சாத்தறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கேட் சாத்தறதுக்கு பைசா செலவில்ல, அதனாலயே எல்லாருக்கும் முதல்ல அதுதான் தோணுது. ஆனா 2020லயும் 2021லயும் சாத்தினப்ப என்ன ஆச்சுன்னு நாங்க கூட இருந்து பாத்தோம், மறதி நோய் இருக்கற ஒரு தாத்தா, மக வந்து ஊட்டினாத்தான் சாப்பிடுவாரு, மூணே மாசத்துல எடை இறங்கி எலும்பும் தோலுமாப் போனாரு, மக திரும்பி வந்தப்ப அவங்கள அடையாளமே தெரியல. நெதர்லாந்துல 2020 மே மாசம் 26 இல்லங்கள்ல மட்டும் கட்டுப்பாட்டோட முதல்ல திறந்து விட்டுப் பாத்தாங்க, அந்த முதல் சில வாரங்கள்ல அதனால புதுசா தொற்று வரல. நாங்க எடுத்த முடிவு இதான்: சளி இருந்தா வராதீங்க, மத்தபடி வாங்க, மாஸ்க் போட்டுக்கங்க, வெயில் இருந்தா தோட்டத்து பெஞ்சுல உக்காருங்க. ஏப்ரல் மே சீசன்ல ஊட்டிக்கு வந்த கையோட அப்படியே சித்திய பாத்துட்டுப் போலாம்னு பத்து பேர் வேன்ல வந்து இறங்குவாங்க பாருங்க, அப்ப மட்டும் ரெண்டு ரெண்டு பேரா அனுப்புவோம்.

அடுத்தது தடுப்பூசி. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடணும், வைரஸ் மாறிக்கிட்டே இருக்கு, ஊசியோட பலமும் மாசக் கணக்குல இறங்கிடும், அதுவும் வயசானவங்களுக்கு சீக்கிரமாவே இறங்கும். போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பலன். நம்ம பக்கம் ஃப்ளூ மழையோடயும் வரும் குளிர்லயும் வரும், அதனால எந்த மாசம் போடறதுங்கறது கொஞ்சம் சிக்கலான கேள்வி, எங்க இல்லத்துல ரெண்டு வருஷமா டிசம்பர் ஜனவரிலதான் அடி விழுந்திருக்குங்கறதால டாக்டர் அக்டோபர் முதல் வாரம்னு சொல்லிட்டாரு. ஊசி போட்டா நோயே வராதுன்னு இல்ல, வயசானவங்க உடம்பு ஊசிக்கு அரைகுறையாத்தான் ஈடு கொடுக்கும், ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் போறது குறையும். அந்த அரைகுறைனாலதான் சுத்தி இருக்கற நாங்களும் போட்டுக்கணும்ங்கறேன். பிரிட்டன்ல முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டு செஞ்ச ஆய்வுகள்ல பெரியவங்க சாவு குறைஞ்சதா வந்துச்சு, அந்த ஆதாரம் அவ்வளவு உறுதியா இல்லன்னு பின்னாடி சிலர் சொல்லவும் செஞ்சாங்க. ரெண்டையும் படிச்சுட்டும் நான் போடணும்னுதான் சொல்றேன், ஏன்னா ஊசி போட்ட ஆயாக்காவுக்கும் காய்ச்சல் கம்மியா வரும், அது அவங்களுக்கே நல்லது. 40 பேருக்கு தலைக்கு 1,800 வீதம் 72,000 ரூபாய், மொத்தப் பணத்துல பாதி இதுக்கே போகுது, ஆனாலும் குறைக்க மனசு வரல. நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசியும் கோவிட் பூஸ்டரும் ஒவ்வொருத்தர் ஃபைல பாத்து டாக்டர் தனியா சொல்வாரு.

இப்ப காத்து. மலையில இதுதான் கஷ்டமான இடம். சமவெளில ஜன்னல தொறந்து வைங்கன்னு சுலபமா சொல்லிடலாம், இங்க ஜனவரில விடிகாலை புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும், 85 வயசு ஆள் தலைமாட்டுல ஜன்னல தொறக்க முடியுமா? அதனால எல்லாரும் அடைக்கறோம், அடைச்சா ஆறு பேர் மூச்சு ராத்திரி பூரா அதே ரூம்ல சுத்திக்கிட்டு இருக்கு. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து இல்லங்கள ஆராய்ஞ்சப்ப ஒரே ரூம்ல அதிகம் பேர் படுக்கற இல்லங்கள்ல கோவிட் சாவு, நெரிசல் இல்லாத இல்லங்கள விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருந்துச்சு. எங்க பெரிய ரூம பிரிக்கற அளவுக்கு எங்ககிட்ட இடமும் இல்ல பணமும் இல்ல.

5,000 ரூபாய்க்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கினோம், ஒதுக்கின பணத்துல உருப்படியா வாங்கின முதல் சாமான் அதுதான். நாம விடற மூச்சுல இருக்கற வாயு அது, ரூம்ல அது ஏறினா எல்லாரும் விட்ட மூச்சு வெளிய போகாம அங்கயே நிக்குதுன்னு அர்த்தம். வெளிக்காத்துல 420 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) பக்கம் காட்டும், ரூமுக்குள்ள 800க்கு கீழ இருந்தா காத்தோட்டம் பரவாயில்லன்னு அர்த்தம். பெரிய ரூம்ல ஜன்னல் எல்லாம் அடைச்ச ராத்திரி, விடிகாலை அஞ்சு மணிக்குப் போய் பாத்தேன், 2,400. அந்த நம்பர பாத்ததும் எனக்கு அந்த துணிச்சுருட்டுதான் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம்தான் புகைபோக்கி விஷயம். அந்த ரூம்ல பழைய ஃபயர் ப்ளேஸ் ஒன்னு இருக்கு, குளிர் காத்து இறங்குதுன்னு யாரோ எப்பவோ ப்ளைவுட் அடிச்சு மூடி அது மேல காலண்டர் மாட்டி வெச்சிருந்தாங்க. எங்க வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னாரு, "அந்தக் காலத்துல இந்த வீட்ல நெருப்பு இல்லாதப்பக்கூட அது காத்த இழுத்துக்கிட்டே இருக்கும் சிஸ்டர்"னு. யோசிச்சுப் பாத்தா சரிதான், உள்ள இருக்கற சூடான காத்து லேசு, அது புகைபோக்கி வழியா மேல போகும், போற இடத்துக்கு கதவு இடுக்கு வழியா, எதிர்ப்பக்கம் தாழ்வாரத்து வெண்டிலேட்டர் வழியா புதுக்காத்து வரும், வெளிய எவ்வளவு குளிரோ இழுப்பு அவ்வளவு ஜாஸ்தி. நமக்கு எப்ப வேணுமோ அப்பத்தான் அது நல்லா வேலை செய்யும். ப்ளைவுட்ட கழட்டினோம், ஒரு மூட்டை சருகும் குருவிக்கூடும் விழுந்துச்சு, ஊதுபத்திய கொளுத்தி ஃபயர் ப்ளேஸ் வாய்கிட்ட காட்டினா புகை சரசரன்னு உள்ள போகுது. அன்னைக்கு ராத்திரி ஜன்னல் அடைச்சுத்தான் இருந்துச்சு, யார் தலைமாட்டுலயும் காத்து அடிக்கல, விடிகாலை மீட்டர் 1,100. கொத்தனார வெச்சு மேல மழைத் தடுப்பும் பறவை உள்ள வராம வலையும், கீழ தொறந்து மூடற மாதிரி ஒரு தகடும் போட 4,500 ரூபாய் கேட்டிருக்காரு. நீலகிரிலயும் கொடைக்கானல்லயும் பழைய பங்களாவுல இருக்கற எத்தனையோ இல்லங்கள்ல இது இருக்கும், போய் ப்ளைவுட்ட தட்டிப் பாருங்க.

ஆனா 1,100 போதாது, அதுக்குத்தான் ஏர் ப்யூரிஃபையர். மணிக்கு அஞ்சு தடவை ரூம் காத்து சுத்தமாகணும்னு 2023ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி சொல்லுச்சு. எங்க ஹால் 30க்கு 20 அடி, உசரம் 10 அடி, 6,000 கன அடி, அஞ்சால பெருக்கி கன மீட்டர்ல மாத்தினா மணிக்கு 850 வருது. கடையில விக்கற வீட்டு மெஷின்ல சிஏடிஆர்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து தரும்ங்கற கணக்கு அது, 300 பக்கம் இருக்கும், அப்ப ஹாலுக்கு மூணு வேணும், ஹெப்பாங்கற நுண்ணிய ஃபில்டரோட மூணும் சேத்து 40,000 ரூபாய். ஒன்னு வாங்கி மூலைல வெச்சுட்டு ஆச்சுன்னு நினைக்கறதுல பிரயோஜனம் இல்ல, சத்தமா இருக்குன்னு லோ ஸ்பீடுல ஓட்டினா அந்த நம்பர்ல பாதிகூட வராது. வடிகட்டறதுனால சூடு வெளிய போகாது, அது மலைக்கு பெரிய லாபம், ஆனா கார்பன் டை ஆக்சைட அது குறைக்காது, அதனால மீட்டர பாத்து மெஷின் வேலை செய்யலன்னு நினைச்சுடாதீங்க. ஆஸ்திரேலியாவுல முதியோர் இல்லத்துல தனித்தனி ரூம்ல ப்யூரிஃபையர் வெச்சு செஞ்ச ஆய்வுல நோய் தெளிவா குறைஞ்சதா வரல. என் யோசனை, ரூம்ல வடிகட்டிட்டு ஹால்ல எல்லாரும் ஒன்னா உக்காந்து டிவி பாத்தா எப்படி குறையும்? அதனால பகல்ல மூணும் ஹால்ல, ராத்திரி ரெண்ட சக்கரத்துல தள்ளிக்கிட்டுப் போய் பெரிய ரூம்ல.

காத்துல இருக்கற கிருமிய கொல்லற யூவி (புற ஊதா) விளக்கு பத்தியும் சொல்லணும், ஏன்னா அதோட கதை நம்ம ஊரோட சேந்தது. 1957 மே மாசம் சிங்கப்பூர்ல இருந்து மெட்ராஸ் வந்த கப்பல் வழியா ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள்ள வந்துச்சு, அந்த வைரஸ ஆராய்ஞ்ச இன்ஃப்ளூயன்ஸா சென்டர் நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்லதான் இருந்துச்சு. அதே ஃப்ளூ அமெரிக்காவுக்குப் போனப்ப கலிஃபோர்னியாவுல லிவர்மோர் ஊர்ல பழைய ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரில, கூரைக்குப் பக்கத்துல யூவி விளக்கு இருந்த கட்டடத்துல 100க்கு 2 பேருக்கும் விளக்கு இல்லாத கட்டடத்துல 100க்கு 19 பேருக்கும் ஃப்ளூ வந்துச்சு. ஒரே ஆய்வுதான், ஆனாலும் சின்ன வித்தியாசம் இல்ல. எங்க பங்களா மாதிரி உசரமான கூரைக்கு ரொம்பப் பொருந்தும். ஆனா கதிர் தலைக்கு மேலயே நிக்கற மாதிரி அளந்து மாட்டணும், தப்பா மாட்டினா கண்ணும் தோலும் எரிஞ்சுடும், அத அளக்கற ஆள் இங்க எங்களுக்குக் கிடைக்கல. ஆன்லைன்ல விக்கற மலிவு யூவி பல்ப வாங்கி நீங்களா மாட்டிடாதீங்க. இந்த வருஷம் வேண்டாம்னு வெச்சுட்டோம், மனசில்லாமதான்.

புகை மெஷின் வேண்டவே வேண்டாம். மருந்து அடிச்ச அஞ்சாவது நிமிஷம் ஒருத்தர் இருமினா முடிஞ்சு போச்சு, போதாக்குறைக்கு ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அந்த நெடி ஆகாது. 2020ல திருப்பூர்ல ஆரம்பிச்சு ஊர் ஊரா, நடந்து போற ஆள் மேல மருந்து தெளிக்கற கிருமிநாசினி சுரங்கம் வெச்சாங்க, அப்புறம் பொதுச் சுகாதாரத் துறையே வேண்டாம்னு நிறுத்தச் சொல்லுச்சு. நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடிச்சா மூக்கடைப்புக்கு சுகமா இருக்கும், அவ்வளவுதான், வைரஸ கொல்லாது, பெரியவங்க மடியில வெந்நி கொட்டினா அது தனி ஆபத்து. முக்கியமா கரி அடுப்ப மூடின ரூமுக்குள்ள வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்கினவங்க எந்திரிக்க மாட்டாங்க. கம்பளி, வெந்நிப் பை, ஆயில் ஹீட்டர், இது போதும்.

மாஸ்க்ல என்95க்கும் துணி மாஸ்க்குக்கும் நிறைய தூரம். ஆனா வருஷம் பூரா எல்லாரும் முகத்த மூடினா காது கேக்காத பெரியவங்க எங்க வாயசைவ பாத்துத்தான் புரிஞ்சுக்கறாங்க, அவங்க பாவம், மறதி இருக்கறவங்க பயந்துடறாங்க. அதனால இல்லத்துல ஒருத்தருக்கு இருமல்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து எல்லாருக்கும் என்95, மத்த நாள்ல வேண்டாம். வால்வு வெச்சது வாங்காதீங்க, நம்ம மூச்சு அப்படியே வெளிய வரும். ஒன்னு 30 ரூபாய், 200 எண்ணம், 6,000. மொத்தக் கணக்கு இதோட சரியா ஒன்றரை லட்சம்.

அந்த "தெரிஞ்ச நிமிஷம்"ங்கறதுதான் கஷ்டம். வயசானவங்களுக்கு 100 டிகிரிக்காக காத்திருக்காதீங்க, 99 திரும்பத் திரும்ப வந்தாலே சந்தேகப்படணும், நேத்து வரைக்கும் பேசினவங்க இன்னைக்கு குழம்பறது, ரெண்டு வேளை சாப்பாட தள்ளறது, திடீர்னு தடுமாறி விழறது, இதெல்லாமே காய்ச்சல் மாதிரி எடுத்துக்கணும். இந்த உசரத்துல நல்லா இருக்கறவங்களுக்கே ஆக்சிஜன் அளவு சமவெளில இருக்கறத விட ஒன்னு ரெண்டு புள்ளி கம்மியாத்தான் காட்டும், அதனால நல்லா இருக்கும்போதே ஒவ்வொருத்தர் அளவையும் எழுதி வெச்சிருக்கோம். 72 மணி நேரத்துல ரெண்டு பேர் படுத்து, ஒருத்தருக்காவது டெஸ்ட்ல ஃப்ளூன்னு வந்தா பரவ ஆரம்பிச்சுடுச்சுன்னு வெச்சுக்கணும். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன், மத்தவங்களுக்கு தடுப்பா கொடுக்கறதும் உண்டு, ஆனா கிட்னி எவ்வளவு வேலை செய்யுதோ அதுக்குத் தகுந்த மாதிரி டோஸ் குறைக்கணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி டாக்டரத் தேட முடியாதுங்கறதால எல்லாருக்கும் க்ரியாட்டினின்ங்கற கிட்னி ரத்தப் பரிசோதனை பாத்து ஆளுக்கு எவ்வளவு டோஸ்னு இப்பவே அவர்கிட்ட எழுதி வாங்கி வெச்சாச்சு.

நோய் விடுப்பு போன மாசமே ஆரம்பிச்சுட்டோம். போன செவ்வாய்க்கிழமை காலைல அஞ்சே முக்காலுக்கு போன், அதே ஆயாக்கா, "சிஸ்டர் மூக்கு ஒழுகுது, நான் வரட்டுமா வேண்டாமா"ன்னு தயங்கித் தயங்கிக் கேக்கறாங்க. வேண்டாங்க்கா, படுத்துக்கங்கன்னேன். அன்னைக்கு குளிப்பாட்ட ஆள் பத்தல, ஆறு பேருக்கு வெந்நில துடைச்சு மட்டும் விட்டோம், மத்தியானம் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப் போச்சு. மாத்து ஆளுக்கு பக்கத்து ஹட்டில ரெண்டு பொண்ணுங்கள கேட்டிருக்கோம், வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காங்க.